"ஒரு நகல் இருக்கட்டும்" என்ற ஐயாவுக்கு

எங்கள் நீர் ஆய்வகத்தின் கணினிகளுக்கும் எங்கள் கவலைகளுக்கும் ஒருசேரக் காவலாய் இருந்தவரே, இருபத்தாறு ஆண்டுகள் எங்கள் மின்னஞ்சல்கள் வழிதவறாமல் பார்த்துக்கொண்டவரே, "நகல் ஐயா" என்று முதுகுக்குப் பின்னால் நாங்கள் அழைத்ததை அறிந்தும் அறியாதவர்போல் நடந்த பெருந்தகையே, வணக்கம்.

ஆற்றங்கரையில் மாதிரி எடுப்பவர் கைபேசியிலும், மேசையில் இருப்பவர் அலுவலகக் கணினியிலும், விடுப்பில் சென்றவர் வெளியூரில் யாருடைய கணினியிலோ உலாவியைத் திறந்தும் ஒரே கடிதத்தைப் படிக்கலாம் என்று காட்டியவர் நீங்கள். "பெட்டி ஒண்ணுதான். பாக்குற ஜன்னல்தான் வேற" என்பீர்கள். அதற்குமேல் பேசமாட்டீர்கள்.

ஒன்றை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும். குப்பிகள் கழுவும் பிரிவின் அக்கா, வீட்டு மடிக்கணினியில் தாமே அஞ்சல் செயலியை அமைத்தார். மடிக்கணினிக்கு இறக்கிய கடிதங்களுக்கு, அந்தப் பொதுப் பெட்டியான சர்வரில் ஒரு நகல் இருக்கட்டுமா என்று அது கேட்டது. ஆய்வு முடிந்த நீரைக் குப்பியில் மிச்சம் வைப்பது இங்கே குற்றம். பழகிய கை, வேண்டாம் என்று அழுத்தியது. மறுநாள் அலுவலகத்தில் அவர் பெட்டி காலியாகக் கிடந்தது. மறைந்த தம்பி மருத்துவமனைப் படுக்கையிலிருந்து எழுதிய நாற்பத்தொரு கடிதங்களும் அதில் இருந்தவை; இப்போது அவை மடிக்கணினியில் மட்டுமே. அந்த வாரமே மடிக்கணினியும் படுத்துவிட்டது.

அக்கா உங்கள் அறை வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்தார். அவர் அழவில்லை, நீங்கள் ஆறுதல் சொல்லவில்லை. மடிக்கணினியின் வன்வட்டைக் கழற்றி இரண்டு நாள் தேடினீர்கள். கிடைத்தவற்றை ஒவ்வொன்றாகச் சர்வருக்கே திருப்பி ஏற்றினீர்கள். மூன்றாம் நாள் பிற்பகல் அவர் கைபேசியை வாங்கி, எதையோ மாற்றி, திருப்பிக் கொடுத்தீர்கள். நாற்பத்தொன்றும் இருந்தன.

"ஏம்மா, குப்பியக் கழுவுற மாதிரி பெட்டியையும் கழுவிட்டீங்களே."

அப்போதுதான் அவர் அழுதார், சிரித்துக்கொண்டே.

இன்று அக்கா அக்கடிதங்களைப் பேருந்திலும் படிக்கிறார், வீட்டிலும் படிக்கிறார். எந்த ஜன்னலைத் திறந்தாலும் தம்பி இருக்கிறார்.

ஐயா, நாளை தொடங்கும் உங்கள் பணி ஓய்வில் உடல்நலம் குன்றாமல், உறக்கம் கெடாமல், யாரும் கடவுச்சொல் மறந்து அழைக்காத நீண்ட காலைகள் உங்களுக்கு வாய்க்கட்டும்.

இம்மடலை மாட்ட ஒரு கண்ணாடிச் சட்டம் போதும் என்றுதான் நினைத்தோம். அக்கா கேட்கவில்லை. ஆகவே ஒன்று உங்கள் வீட்டுச் சுவருக்கு. மற்றொன்று இங்கே, உங்கள் நாற்காலிக்கு எதிரே இருக்கும்.

அன்பு மாறாத
நீர் ஆய்வகப் பணியாளர்கள்
(முதல் கையொப்பம்: குப்பிப் பிரிவு அக்கா)