மூன்றாவது வெள்ளைச் சட்டை

— இன்னும் பட்டனே போடலையா? மணி எட்டே கால். எட்டரைக்கு வண்டியோட வாசல்ல நிப்பேன்னு போதகர் சொன்னார்ல?

— பொறு, பொறு. வண்டிக்கு என்ன, வந்தா நிக்கும்.

— வண்டி நிக்கும். நீங்கதான் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கறீங்க. ஜன்னலுக்கும் கதவுக்கும் எத்தனை நடை? உக்காந்து ஷூவை மாட்டுங்க.

— மகாராணி, ஒண்ணு சொல்லவா? கோச்சுக்கக் கூடாது.

— கோச்சுக்கற மாதிரி சொன்னா கோச்சுக்கத்தான் செய்வேன்.

— இன்னைக்கு நான் சாட்சி சொல்லலை. சபைக்கு வர்றேன். பின்னாடி பெஞ்சுல உக்காந்துக்கறேன். மேடை மட்டும் வேண்டாம்.

— காலங்காத்தால விளையாடாதீங்க. நீங்க குடியை விட்டு இன்னையோட தொண்ணூறு நாள். தொண்ணூறு ஆனவங்களை முன்னாடி கூப்பிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டுப் பேச வெக்கறது நானா கொண்டுவந்த வழக்கம்? போன வாரமே உங்க பேரை வாசிச்சாச்சு. சட்டையும் தைச்சாச்சு.

— அந்தச் சட்டைதான் பயமா இருக்கு. அலமாரியைத் திறந்து பாரு, அதே சட்டை ஏற்கெனவே ரெண்டு தொங்குது.

— ஒண்ணுதான் தொங்குது. மொதச் சட்டையைக் கிழிச்சு அடுப்பு துடைக்கறேன்.

— பாத்தியா!

— சிரிக்காதீங்க. எனக்கு வயிறு எரியுது.

— நான் எங்க சிரிச்சேன்? சரி சொல்லு, மொத தடவை சாட்சி சொன்னேனே, எத்தனை நாள் தாங்குச்சு?

— அதெல்லாம் இப்ப எதுக்கு?

— சொல்லேன்.

— ஒம்பது நாள்.

— ரெண்டாவது தடவை?

— அன்னைக்கு சாயங்காலமே. சட்டையைக்கூடக் கழட்டலை. போதுமா? திருப்தியா?

— ஏன்னு எப்பவாவது யோசிச்சியா? நான் யோசிச்சிருக்கேன். மேடையில நிக்கறேன், சபையே கைத்தட்டுது. உங்க அக்கா கண்ணைத் துடைக்கறா. யார் யாரோ வந்து தோளைத் தட்டறாங்க. அந்தக் கைத்தட்டு சர்ருனு தலைக்கு ஏறுச்சு பாரு, அதுவும் ஒரு சரக்குதான். வீட்டுக்கு வந்ததும் இறங்கிடுச்சு. இறங்கினா அடுத்தது கேக்குமா கேக்காதா?

— அப்ப நீங்க வேற ஆள். இப்ப வேற ஆள்.

— அதை யாரு சொன்னா?

— நான் சொல்றேன். உங்ககூடக் குடித்தனம் பண்றவ சொல்றேன். ஐயோ, அந்த சாக்ஸ் வேண்டாம், ஓட்டை. ஷூவைக் கழட்டச் சொன்னா மானம் போயிடும்.

— மானத்தை விடு. எங்க வேலையில ஒண்ணு உண்டு. லிஃப்டுக்குக் கயிறு மாத்தினா அன்னைக்கே ஆளை ஏத்த மாட்டோம். வெறும் பெட்டியை மேலயும் கீழயும் ஓட்டுவோம். அப்புறம் மணல் மூட்டையை அடுக்கி ஓட்டுவோம். மாடியில இருக்கறவங்க திட்டுவாங்க, அதான் ஓடுதே, இன்னும் என்னன்னு. ஓடறது வேற, தாங்கறது வேற.

— அந்த மாடியில நின்னு திட்டறவதான் நான். பதினோரு வருஷமா நிக்கறேன். எனக்குக் கால் வலிக்குதுங்க.

— எனக்குத் தெரியும்.

— தெரியாது. உங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது. சபையில கடைசிப் பாட்டு ஆரம்பிச்சதும் நான் என்ன பண்ணுவேன், தெரியுமா? பையை எடுத்துட்டு நைஸா வெளிய வந்துடுவேன். பாட்டு முடிஞ்சா எல்லாரும் கை குடுப்பாங்க. கை குடுத்துட்டு, “வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?”னு ஒரு கேள்வி. கேக்கும்போது தலையை ஒரு பக்கமா சாய்ச்சுக்குவாங்க பாருங்க, அதைப் பாக்க முடியாது. அதுக்குப் பயந்தே கடைசிப் பாட்டை நான் முழுசா பாடினதில்லை. இன்னைக்கு ஒரு நாள் நின்னு பாடிட்டு, தலைநிமிந்து வெளிய வரணும்னு ஆசைப்படறேன். அது தப்பா?

— தப்பில்லை.

— அப்புறம் என்ன? அஞ்சு நிமிஷம். மேடை ஏறி, ஆண்டவர் என்னை விடுவிச்சார்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு இறங்கினா முடிஞ்சுது.

— அதான், முடிஞ்சுதுன்னு நெனச்சுதான் ரெண்டு தடவையும் விழுந்தேன்.

— உங்களுக்கு விசுவாசம் இல்லை. அவர் நெனச்சா ஒரே வார்த்தையில சுகம் குடுக்க மாட்டாரா?

— குடுப்பார். ஊருக்கெல்லாம் குடுக்கட்டும். எனக்கு ஒரு நாளைக்கு ஒரு நாள்னு அளந்து குடுக்கறார். மொத்தமா குடுத்தா மொத்தமா குடிச்சுத் தீத்துடுவேன்னு அவருக்குத் தெரியாதா?

— வாய் மட்டும் குறையறதே இல்லை.

— நான் அஞ்சு மணிக்கு வேலை முடிஞ்சு வர்றேன். நீ ஆஸ்பத்திரியில துணியெல்லாம் துவைச்சு மடிச்சு வெச்சுட்டு வர எட்டு மணி ஆகுது. நடுவுல மூணு மணி நேரம். அதுதான் என் யுத்தம். வாழ்க்கை பூரா காப்பாத்துன்னு நான் கேக்கறதில்லை. ஆண்டவரே, அவ வர்ற வரைக்கும் தாங்குன்னு கேக்கறேன். கேட்டுட்டுத் தரையைத் துடைக்கறேன். கை சும்மா இருந்தா காலு கடைப்பக்கம் போயிடும்.

— அதான் தினம் வீடு பளபளன்னு கிடக்குதா? நான் என்மேல பாசம்னு நெனச்சேன்.

— அதுவும்தான்.

— சரி, இதையே மேடையில சொல்லுங்க. அழகா இருக்கு. எல்லாரும் அழுவாங்க.

— அதனாலதான் சொல்ல மாட்டேங்கறேன்.

— ஹார்ன் சத்தம்! வந்துட்டார். ஐயோ, என் பை எங்க? சீப்பு எங்க? எழுந்திருங்க, கையெடுத்துக் கும்பிடறேன். உங்களுக்கு உங்கமேல நம்பிக்கை இல்லைன்னா என்மேல வையுங்க. நீங்க தேறிட்டீங்க. எனக்கு நூத்துக்கு நூறு தெரியும்.

— எப்படித் தெரியும்?

— தெரியும்னா தெரியும்.

— இப்படி சிங்க் பக்கம் வா. இதுக்குக் கீழ எட்டிப் பாத்தியா?

— எதுக்குக் கேக்கறீங்க?

— சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னாடி, பழைய துண்டு சுத்தி ஒரு பாட்டில். பாதி பிராந்தி. பாட்டில்மேல சிவப்பு நகப்பூச்சுல ஒரு கோடு.

— அது... நான் ஒண்ணும் உங்களைச் சிக்க வெக்கணும்னு வெக்கலை.

— நான் அப்படிச் சொல்லலையே.

— எல்லாத்தையும் கொட்டினேன். அதை மட்டும் வெச்சேன். தினம் தினம் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு, இன்னைக்கு எப்படி வருவாரோ, இன்னைக்கு எப்படி வருவாரோன்னு எத்தனை நாள்தான் காத்திருக்கறது? குனிஞ்சு ஒரு பார்வை பாத்தா தெரிஞ்சுடணும். அவ்வளவுதான். எப்ப கண்டுபிடிச்சீங்க?

— இருபத்தேழாவது நாள். வாளியை எடுக்கக் குனிஞ்சேன்.

— இருபத்தேழாவது நாளா? அப்போ இத்தனை நாளா அது அங்க இருக்குன்னு தெரிஞ்சும் தொடலையா? கோடு அப்படியே இருக்கே! இன்னைக்குக் காலையிலகூடப் பாத்தேன், சொட்டு குறையலை. என்னங்க! இதைவிட என்ன சாட்சி வேணும்? இதைத்தான் சபையில சொல்லணும்!

— மூடியைத் திறந்து ஒரு நாளாவது மோந்து பாத்தியா?

— ச்சீ, அந்த வாடையே எனக்குக் குமட்டும்.

— அது டீ.

— என்ன?

— பால் விடாத டீ. கண்டுபிடிச்ச அன்னைக்கு சாயங்காலமே முழுசையும் குடிச்சிட்டேன். அப்புறம் டீ போட்டு, ஆற வெச்சு, கோடு வரைக்கும் ஊத்தி, அதே மாதிரி துண்டைச் சுத்தி வெச்சேன். வாயைக் கொப்புளிச்சுட்டு, நீ வர்றதுக்குள்ள தலைவலின்னு போர்த்திப் படுத்துட்டேன். நீ தைலம்கூடத் தேச்சுவிட்ட.

— தினம் காலையில நான் முட்டி போட்டு, அந்த டீத்தண்ணியைப் பாத்துட்டு, ஸ்தோத்திரம் ஆண்டவரேன்னு சொல்லிட்டிருந்தேன்.

— தெரியும். கேட்டுட்டே பல் விளக்குவேன்.

— கிட்ட வராதீங்க.

— வரலை.

— தொடாதீங்க என்னை. அடுத்த நாள்?

— இல்லை.

— அதுக்கப்புறம் ஒரு நாள்கூட?

— ஒரு சொட்டுகூட இல்லை. நம்புன்னு சொல்ல எனக்கு வாய் கிடையாது. அன்னைலேருந்துதான் இந்தத் தரை துடைக்கறது, எட்டு மணி வரைக்கும்னு கேக்கறது, எல்லாம். அதுக்கு முன்னாடி இருந்த இருபத்தாறு நாளும் சட்டைக்காகத்தான் இருந்தேன். தேதியைக் கிழிச்சுக் கிழிச்சுப் பாத்துக்கிட்டு, எப்ப தொண்ணூறு வரும், எப்ப மேடை ஏறலாம்னு.

— இன்னொரு தடவை ஹார்ன் அடிக்கறார்.

— அடிக்கட்டும்.

— சும்மா இருந்திருக்கலாமே. நான் பாட்டுக்குச் சந்தோஷமா இருந்திருப்பேன். நீங்களா வாயைத் திறக்கலைன்னா எனக்குச் சாகற வரைக்கும் தெரிஞ்சிருக்காது. இதுவரைக்கும் எதை நீங்களா சொல்லியிருக்கீங்க? சட்டையை மோந்து, பையைத் துழாவி, பக்கத்து வீட்டுல கெஞ்சிக் கேட்டு, எல்லாம் நான் கண்டுபிடிச்சது. இன்னைக்கு மட்டும் ஏன்?

— கடைசிப் பாட்டு வரைக்கும் நிக்கப்போறேன்னு சொன்னியே. நீ அந்த டீத்தண்ணியை நம்பி நின்னு பாடறதை என்னால பாக்க முடியாது. அதான்.

— அழாதீங்க. எனக்கு இப்ப உங்களைத் தேத்தற தெம்பு இல்லை.

— அழலை.

— எனக்கு உங்கமேல கொலைவெறி வருது.

— வரட்டும்.

— கதவைத் தட்டறார். நீங்க போய் முகத்தைக் கழுவுங்க. நான் திறக்கறேன்.

— ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்! என்னம்மா, ரெண்டு தடவை ஹார்ன் அடிச்சும் ஆளைக் காணோம். நம்ம வீரர் தயாரா? இதோ சட்டை. அளவு சரியான்னு போட்டுப் பாக்கச் சொல்லுங்க.

— ஸ்தோத்திரம் ஐயா. சட்டை உங்ககிட்டயே இருக்கட்டும்.

— ஏம்மா? அவர் சாட்சி சொல்லணுமே! பேரெல்லாம் வாசிச்சாச்சே!

— சொல்லிட்டார் ஐயா. இப்பத்தான், சிங்க் பக்கத்துல நின்னு, எங்கிட்ட. கைத்தட்டத்தான் எனக்கு இன்னும் மனசு வரலை.