ஆரஞ்சுக் கண்ணீரும் அடைபட்ட மடையும்

புதிதாய் வெளுத்த வேட்டியோடு இந்தக் காசநோய் முகாமுக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் துரைராசு ஐயா அவர்களே! "நாலு நிமிஷம்தான், அஞ்சாவது நிமிஷம் மணியடிச்சிடுவேன்" என்று சொல்லி, மணியைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருக்கும் எங்கள் தலைமையாசிரியர் ரெங்கசாமி ஐயா அவர்களே! தஞ்சாவூரிலிருந்து எக்ஸ்ரே வண்டியிலேயே ஏறி, ஒரு பெட்டி நிறைய ஊசியும் முகம் நிறையச் சிரிப்புமாய் வந்திறங்கிய ஆராய்ச்சியாளர் டாக்டர் ஸ்ரீவித்யா அம்மா அவர்களே! "நாங்க நின்னுக்கிட்டே கேக்குறோம்" என்று வேப்பமரத்தடியில் கைகட்டி நிற்கும் பெரியவர்களே! உளுந்துச் செடி பிடுங்கிய கையைக்கூடச் சரியாகக் கழுவாமல், பள்ளிக்கூடத்துப் பெண் பேசுகிறாளாம் என்று ஓடி வந்திருக்கும் என் தாய்மார்களே! மைக் கத்தும்போதெல்லாம் மைக்கைவிடச் சத்தமாகக் கத்தும் சவுண்டு சர்வீஸ் நெய்னா முகம்மது அண்ணன் அவர்களே! நான்காவது வரிசையில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "இவ என்னத்தப் பேசப் போறாளோ" என்று பதறிப்போய் உட்கார்ந்திருக்கும் என் அம்மாவே! உங்கள் எல்லோருக்கும் பதினொன்றாம் வகுப்பு செம்மொழியின் நடுங்கும் வணக்கம்!

என் பெயர் செம்மொழி. தமிழில் என் மதிப்பெண் அறுபத்திரண்டு. ஆகையால் பெயரைப் பார்த்து யாரும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

தலைமையாசிரியர் ஐயா எழுதிக் கொடுத்த உரை என் பையில் பத்திரமாக இருக்கிறது. அருமையான உரை. "காசநோயை ஒழிப்போம், களிப்போடு வாழ்வோம்" என்று தொடங்கும். ஐயா, மன்னித்துவிடுங்கள். என் கையில் இருப்பது வேறு. மூன்று நாளாய்ப் போர்வைக்குள் டார்ச் அடித்து நானே எழுதியது. எழுதும்போது பயம். எழுதி முடித்தபோது அதைவிடப் பயம். இப்போது இங்கே நிற்கும்போது எல்லாவற்றையும்விடப் பயம்!

என்ன? கேட்கவில்லையா? நெய்னா அண்ணே, கொஞ்சம் சத்தம் கூட்டுங்க. ஆங். இப்போது கேட்கிறதா? நல்லது. கேட்காமலே இருந்திருந்தால் இன்னும் நல்லது!

அதோ, யாரோ இருமுகிறார்கள். உடனே எத்தனை தலைகள் திரும்புகின்றன பாருங்கள்! ஏன் திரும்புகிறீர்கள்? இருமல் என்ன திருட்டா? தும்மினால் "நூறு ஆயுசு" என்கிறீர்கள், இருமினால் மட்டும் போலீஸ்காரர் மாதிரி முறைக்கிறீர்களே! சரி, ஒரு வேலை செய்வோம். மூன்று எண்ணுவேன். எல்லோரும் முந்தானையால், துண்டால் வாயை மூடிக்கொண்டு ஒரு தடவை இருமுங்கள். தலைவர் ஐயா, நீங்களும்தான்! ஒன்று... இரண்டு... மூன்று!

ஆகா! ஆகா! தஞ்சாவூர் வரைக்கும் கேட்டிருக்கும்! இப்போது சொல்லுங்கள், முதலில் இருமியவர் யார்? தெரியாது. தெரியவே வேண்டாம். இனி என்னைப் பாருங்கள்.

என்னைத் தெரியாதவர் இந்த ஊரில் உண்டா? "மாதா பொண்ணு" என்றால் பால்காரருக்குத் தெரியும், பஸ் கண்டக்டருக்குத் தெரியும். போன வருடம் தை மாதம் தொடங்கி ஆடி மாதம் வரை காவி உடை உடுத்தினேன். தனித் தட்டில் சாப்பிட்டேன். யார் வீட்டு விசேஷத்துக்கும் போகவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் அம்மா சொன்னாள்: "வேளாங்கண்ணிக்கு நடந்து வர்றதா வேண்டிருக்கோம். அதுக்கு ஆறு மாசம் விரதம்."

தாய்மார்களே, அது விரதம் இல்லை. அது காசநோய்.

ஆமாம். எனக்கு. இந்த நெஞ்சுக்குள். மாதாவின் மேல் ஒரு குறையும் இல்லை, பொய் முழுக்க எங்களுடையது. நோய் என்று தெரிந்த நாளில் அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "வெளியில தெரிஞ்சா நாளைக்கு ஒன்ன யாருடி கட்டிக்குவா?" எனக்கு அப்போது வயது பதினைந்து. என்னை யார் கட்டிக்கொள்வார்கள் என்பதைவிட, ஆண்டுத் தேர்வில் கணக்கு யார் போடுவார்கள் என்பதுதான் என் கவலை!

தனித் தட்டும் தேவையில்லை தெரியுமா? இந்த நோய் தட்டில் ஒட்டாது. மூடாத வாயின் இருமலில், காற்றில் வரும். ஊர் பார்க்கத்தான் எனக்குத் தனித் தட்டு. கதவைச் சாத்திய பிறகு நான் மிச்சம் வைத்த சோற்றை அந்தத் தட்டிலிருந்தே எடுத்துத் தின்றவள், இதோ நான்காவது வரிசையில் இருக்கிறாள். அவளை யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

விரதம் பொய். சரி, அருள் எப்படி வந்தது? அங்கேதான் இருக்கிறது வேடிக்கை!

காசநோய் மாத்திரைகளில் ஒன்று, உடம்பிலிருந்து வெளியேறும் தண்ணீரையெல்லாம் ஆரஞ்சாக்கிவிடும். சிறுநீர் ஆரஞ்சு. வியர்வை ஆரஞ்சு. கண்ணீரும் ஆரஞ்சு. செவிலியர் அக்கா முதல் நாளே சொல்லியிருந்தார், பயப்படாதே என்று. எனக்குச் சொன்னார். குழாயடிக்கு யார் சொன்னது?

மாசி மாதம் ஒரு நாள். குழாயடியில் பாசி. குடத்தோடு வழுக்கி விழுந்தேன். முழங்கையில் அடி. அழுதேன். இந்த வெள்ளைக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தேன். அவ்வளவுதான்!

"ஏய், இங்க பாருடி! கைக்குட்டையில என்னடி செவப்பா?"

"கண்ணுலேர்ந்துதான் வருது அத்தாச்சி! நா பாத்தேன்!"

"ரத்தமா?"

"ரத்தம் இந்தக் கலர்லயா இருக்கும்? குங்குமம்டி! புள்ள கண்ணுல குங்குமம் கரைஞ்சு வருதுடி!"

நான் வாயைத் திறந்தேன். "அக்கா, அது மாத்..." என்று ஆரம்பித்தேன். "மாதாங்குறா! மாதாங்குறா பாரு!" என்று ஒருவர் என் காலிலேயே விழுந்துவிட்டார். யாரென்று சொல்ல மாட்டேன். இப்போது அவர் இரண்டாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறார்!

அன்றிலிருந்து எங்கள் வாசலில் கூட்டம். "எம் மாடு எப்ப கன்னு போடும்?" "எம் மவனுக்கு எப்ப விசா வரும்?" "மேட்டூர எப்பம்மா தெறப்பாங்க?" நான் என்ன பொதுப்பணித் துறையா? "தெறப்பாங்க" என்றேன். திறக்கத்தானே அணை! அதற்கும் ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். அந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டில் எலுமிச்சை ஊறுகாய். வந்தவர்கள் கேட்டார்களே என்று விபூதியும் கொடுத்தேன். வேளாங்கண்ணிக்கு விரதம், கையில் விபூதி! இந்தக் கணக்கு இடிக்கிறதே என்று ஒருவர், ஒரே ஒருவர் கேட்டீர்களா?

சிரியுங்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆறு மாதம் நான் போர்வைக்குள் தனியாகச் சிரித்தேன், தனியாக அழுதேன். இன்று கூட்டமாகச் சிரிப்பது எவ்வளவு சுகமாக இருக்கிறது!

ஐயா, மணியை இன்னும் அடிக்கவில்லையே? நன்றி ஐயா.

ஆடியில் மருந்து முடிந்தது. பரிசோதித்தார்கள். கிருமி இல்லை. ஐப்பசி மாதம் ஸ்ரீவித்யா அம்மா என் ரத்தம் கேட்டு வீட்டுக்கு வந்தார். பக்கத்து வீட்டில் என் அம்மா, "எங்க ஒண்ணுவிட்ட நாத்தனார்" என்று சொல்லிவிட்டாள். டாக்டர் அம்மாவும் அரை மணி நேரம் நாத்தனாராகவே நடித்து, காபியில் சர்க்கரை குறைச்சல் என்று குறையும் சொன்னார்!

"நோய்தான் போயிடுச்சே, இன்னும் எதுக்கு ரத்தம்?" என்று கேட்டார் என் அப்பா இளையபெருமாள். டாக்டர் அம்மா விளக்கினார். நம் ரத்தத்தில் வெள்ளணுக்கள் என்ற காவல்காரர்கள் இருக்கிறார்கள். ஒவ்வோர் அணுவுக்குள்ளும் மரபணுக்கள். கிருமி வந்தால் எப்படி எதிர்க்க வேண்டும் என்ற கட்டளை அவற்றில் இருக்கிறது. காசநோய் அந்தக் கட்டளையில் ஓர் எழுத்தைக்கூட அழிப்பதில்லை. ஆனால் நோய் வந்தவர்களின் அணுக்களில், சில கட்டளைகளின் மேல் சின்னஞ்சிறு ரசாயன முத்திரைகள் ஏறிவிடுகின்றன. முத்திரை ஏறிய கட்டளை வேலை செய்யாமல் கிடக்கிறது. கிருமி செத்த பிறகும் சிலருக்குச் சில முத்திரைகள் அப்படியே இருக்கின்றனவாம். எத்தனை நாள் இருக்கும்? தானாக உதிருமா? நாம் உதிர்க்க முடியுமா? இன்னும் தெளிவாகத் தெரியாது. நோய் வந்தவர் ரத்தம், அவரோடு பழகியும் நோய் வராதவர் ரத்தம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அப்பா தலையைச் சொறிந்தார். பிறகு கேட்டார்: "அதாவது தண்ணி வருது. வாய்க்கா இருக்கு. வயலும் இருக்கு. மடையில எவனோ மண்ண வெட்டிப் போட்டுட்டுப் போயிட்டான். அதானங்க?"

டாக்டர் அம்மா சட்டென்று பேனாவை எடுத்தார். "ஐயா, இத நான் காலேஜ்ல சொல்லிக்கலாமா?"

"தாராளமா சொல்லுங்க. ஆனா மண்ணப் போட்டவன் மேல வழக்குப் போட முடியாது, அதையும் சேத்துச் சொல்லிடுங்க!"

மடை என்றால் நமக்குப் பாடம் நடத்த வேண்டுமா? வாய்க்காலில் நம் முறை வரும்போது அடுத்தவர் மடையில் மண்ணை வெட்டிப் போட்டு அடைக்கிறோம். நம் வயல் நிரம்பியதும், மண்ணைப் போட்டவர்தான் போய் எடுத்துவிட வேண்டும். மறந்தால்? துரைராசு ஐயாவும் என் அப்பாவும் ஏழு வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனீர்களே, எதனால்? ஒரே ஒரு மடை! ஐயா சிரிக்கிறார். அப்பா, நீங்களும் சிரியுங்கள். அதோ, சிரித்துவிட்டார்!

என் அருமைத் தாய்மார்களே, இதுவரை சிரிக்கச் சிரிக்கப் பேசிவிட்டேன். மூன்று நாளாய் என் பேனா ஓரிடத்தில் மட்டும் நின்று நின்று போனது. அதை இப்போது சொல்கிறேன்.

இந்த வருடப் பொங்கல் முடிந்து நாலாம் நாள் ஓர் அக்கா என்னிடம் வந்தார். பெயர் சொல்ல மாட்டேன். இந்த மேடையில் என் பெயரைச் சொல்லத்தான் எனக்கு உரிமை உண்டு. விரதம் முடிந்தும் என் அருள் முடியவில்லை என்று ஊர் நம்பிய நேரம் அது. "ஒரு மாசமா இருமல் நிக்கல தங்கச்சி. சாயங்காலம் ஆனா காய்ச்சல் அடிக்குது. ரவிக்கையெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. ஒங் கையால விபூதி குடு" என்றார்.

அந்த இருமல் எனக்குத் தெரியும். அது என் இருமல்! அந்தச் சாயங்காலக் காய்ச்சல் என் காய்ச்சல்! நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "அக்கா, இது விபூதிக்குப் போகாது. சளியைக் கொண்டுபோய்க் கொடு, பரிசோதிப்பார்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். "உனக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் திருப்பிக் கேட்டால்? அந்த ஒரு கேள்விக்குப் பயந்தேன். விபூதி கொடுத்தேன். நெற்றியில் நானே பூசியும் விட்டேன். "சரியாப் போயிடும்க்கா" என்றேன்.

சரியாகப் போகவில்லை. இரண்டு மாதம் ஆகிறது. அந்த இருமலைத் தினமும் தெருவில் கேட்கிறேன். மருத்துவமனைக்குப் போனீங்களா என்று யாராவது கேட்டால், "அதான் மாதா பொண்ணு குடுத்துருக்கே" என்கிறாராம்.

என் மடையில் மண் போட்டது கிருமி. அந்த அக்காவின் மடையில் மண் போட்டது யார்? நான்! இந்தச் செம்மொழி! மண்ணைப் போட்டவர்தான் எடுக்க வேண்டும், அதுதானே நம் வாய்க்கால் வழக்கம்? அதற்குத்தான் இன்று மேடையேறினேன். பரிசுக்கு ஏறவில்லை, பாராட்டுக்கு ஏறவில்லை. நான் கொடுத்த விபூதியைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஏறினேன்! அக்கா, எனக்கு அருள் இல்லை. எனக்கு இருந்தது மாத்திரை. ஆறு மாத மாத்திரை. அது உங்களுக்கும் கிடைக்கும். நான் பிழைத்து, கொழுத்து, இப்படிக் கத்திக்கொண்டு நிற்கிறேன் பாருங்கள்!

ஆனால் அக்கா மட்டும் எழுந்து எக்ஸ்ரே வண்டிக்குப் போனால் என்ன ஆகும்? அத்தனை தலையும் திரும்பும். ஆகையால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எல்லோரும் வாருங்கள். இருமல் இருப்பவர், இல்லாதவர், எல்லோரும்! டாக்டர் அம்மாவுக்கு நல்ல உடம்புக்காரர் ரத்தமும் வேண்டும், எக்ஸ்ரேவுக்கு எல்லா நெஞ்சும் வேண்டும். ஊரே வரிசையில் நின்றால் நோயாளி யார், துணைக்கு வந்தவர் யார்? ஊரே இருமினோமே, அதே போல ஊரே நிற்போம்! எனக்கு விழுந்து விழுந்து எலுமிச்சம்பழம் கொடுத்தீர்களே, இன்று அரைக் குப்பி ரத்தம் கொடுக்க மாட்டீர்களா? கேட்டதையெல்லாம் நம்பினீர்களே, இந்த ஓர் உண்மையை நம்ப மாட்டீர்களா?

யார் எழுந்தார், யார் எழவில்லை என்று நான் பார்க்கப் போவதில்லை. இதோ, கண்ணை மூடிக்கொள்கிறேன். மூடியபடியே நன்றி சொல்கிறேன். கோபப்படாத தலைவர் ஐயாவுக்கு நன்றி. மணியை மறந்துபோன தலைமையாசிரியர் ஐயாவுக்கு நன்றி. எங்கள் நாத்தனார் டாக்டருக்கு நன்றி. நெய்னா அண்ணனுக்கு...

ஒரு நாற்காலி நகர்கிறது. கண்ணாடி வளையல் சத்தம். இந்த வளையல் எனக்குத் தெரியுமே! நான்காவது வரிசை! அம்மா, நீயா முதலில்?

இன்னொரு நாற்காலி. இன்னொன்று. அடேயப்பா, இது தலைவர் ஐயாவின் செருப்பு! வேப்பமரத்தடியிலிருந்தும் காலடி கேட்கிறது. யாரோ "தள்ளாதடி, ஊசி எங்கயும் ஓடிப்போயிடாது" என்கிறார்கள்.

ஓர் இருமல். ஊரே இருமியபோதும் எனக்குத் தனியாகக் கேட்ட இருமல். அது சற்று முன்வரை என் இடதுபக்கம் கேட்டது. இப்போது வலதுபக்கம் கேட்கிறது. வண்டி நிற்கிற பக்கம்.

அழுதுவிட்டேன். அதே வெள்ளைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, அதைப் பார்க்க மட்டும் கண்ணைத் திறக்கிறேன். பாருங்கள், ஒரு நிறமும் இல்லை. வெறும் தண்ணீர்!

வரிசையில் எனக்கும் ஓர் இடம் பிடித்து வையுங்கள். இதோ, இறங்கி வருகிறேன். எல்லோருக்கும் என் நடுங்காத வணக்கம்!