வலது பக்கத்து கார்புரேட்டர்

டீ வேண்டாம் சார், வெயில் காலத்தில் எனக்குப் பித்தம் ஏறும். கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்தில் இரண்டு சிலிண்டர் வண்டியைத் தொட்டுச் சரிபண்ணத் தெரிந்தவன் இந்தத் தொம்மை ஒருத்தன்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, விசாரித்துப் பாருங்கள்.

அந்த வண்டிக்குக் கார்புரேட்டரும் இரண்டு. ஆக்சிலேட்டரை முறுக்கினால் இரண்டுக்குள்ளும் வழியைத் திறந்து மூடுகிற சிலைடு ஒன்றுபோல ஏற வேண்டும், விட்டால் ஒன்றுபோல இறங்கி மூட வேண்டும். ஒன்று முந்தினாலும் வண்டி உதறும். சிலர் மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். நான் இரண்டு சைலன்சருக்குப் பின்னாலும் ஆளுக்கொரு உள்ளங்கையாக வைத்துப் பார்ப்பேன். புகை இரண்டு கையிலும் ஒரே மாதிரி அடித்தால் சரி.

என் மருமகன் அந்தோணி பிரபு விழுப்புரத்துக்காரர். கல்யாணமான புதிதில், தன் அப்பா விட்டுப்போன வண்டி உதறுகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்தார். என் மகள் வெனிலாவும் கூட வந்தாள். அவள் அம்மா போனபிறகு அன்றைக்குத்தான் என் வீட்டில் மீன்குழம்பு கொதித்தது. வண்டியைச் சரிபண்ணினேன். அவர்கள் கிளம்புமுன் வலது பக்கத்து ஆக்சிலேட்டர் கேபிளை நூலளவு தளர்த்தினேன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள்.

இப்படி மூன்று வருஷம். மருமகன் நல்ல மனுஷன், சந்தேகமே படவில்லை. வெனிலாதான் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"நீயும் வாரா வாரம் சரி பண்ணிக்கினுதாம்ப்பா இருக்கிற. வண்டி மட்டும் சரியாவ மாட்டேங்குது."

பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்றேன். பெற்றவனைப் பார்க்க ஒரு சாக்கு வேண்டியிருக்கிறதே என்று வயிறு எரிந்தது.

2003 மே மாதம் மருமகனுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. ஓசூரிலிருந்து கார்புரேட்டர் பார்க்க யார் சார் திண்டிவனம் வருவார்கள்? அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வலது கார்புரேட்டரையே கழற்றிவிட்டு, கடையில் கிடந்த பழைய வண்டியிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டினேன். அதன் சிலைடு தேய்ந்து போனது. ஸ்டாண்டு போட்டு முழுசாக முறுக்கிப் பார்த்தேன். பத்துக்கு மூன்று தடவை மேலேயே சிக்கி நின்றது, கையை விட்டாலும் இறங்கவில்லை, வேகம் குறையவில்லை. ஊருக்குள் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. ஹைவேயில்தான் தெரியும்.

"புதுசா மாத்திட்டேன் மாப்ள. ஹைவேல நல்லா முறுக்குங்க, அடைப்பு எல்லாம் போயிடும்" என்றேன்.

அவர் மட்டும் போவார், வெனிலா என்னோடு ஒரு வாரம் இருந்துவிட்டு பஸ்ஸில் போவாள் என்றுதான் பேச்சு. புறப்படுகிற நேரத்தில், விழுப்புரத்தில் சாமான் கட்ட அவர் ஒண்டியாகத் திண்டாடுவார் என்று சொல்லிப் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நிறுத்தியிருக்கலாம் என்பீர்கள். எதைச் சொல்லி நிறுத்துவது? ஒன்றைச் சொன்னால் மூன்று வருஷத்தையும் சொல்ல வேண்டும். அப்புறம் என் முகத்தில் முழிப்பாளா? பக்கத்தில் போய் நின்றேன்.

"துப்பட்டா சக்கரத்துல மாட்டப்போவுது, இழுத்து செருகிக்கம்மா" என்று மட்டும் சொன்னேன்.

விக்கிரவாண்டிக்கு முன்னால் லாரி. மருமகன் அங்கேயே போய்விட்டார். வெனிலாவுக்கு முதுகெலும்பு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஆறு மாதம் ஆஸ்பத்திரி, பிறகு என் வீடு. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இரண்டரை வருஷமாக நான்தான் குளிப்பாட்டுகிறேன், தலை வாருகிறேன். எந்தத் தகப்பன் செய்வான்?

"மூட மாட்டேங்குது, மூட மாட்டேங்குது" என்று அவர் கடைசியாகக் கத்தியது நினைவிருக்கிறது என்று உங்களிடம் சொன்னாளாமே. அதை வைத்துத்தானே ஸ்டேஷனில் கிடந்த வண்டியைப் பிரித்துப் பார்த்தீர்கள். என்னிடம் அவள் சொன்னதே இல்லை. என்னிடம் அவள் பேசியே ஒன்றரை வருஷம் ஆகிறது. வருத்தம்தான், சரியாகிவிடும்.

எல்லாம் நான் செய்ததுதான், எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்தைச் சீக்கிரம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுங்கள் சார். நாலு மணிக்கு அவளைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். என்னை விட்டால் அந்தப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?