கிண்ணத்தில் விழாத மணிகள்

ஒருவர் காதில் வைத்த ஹெட்போனைத் துடைக்காமல் இன்னொருவர் காதில் வைப்பது எனக்கு அருவருப்பு. செவித்திறன் நிலையத்தில் என் பொறுப்பின்கீழ் அப்படி ஒருமுறைகூட நடந்ததில்லை.

திருநங்கை ஒருவர் அங்கே பரிசோதகராக நியமிக்கப்பட்டபோது நான் மறுப்பேதும் சொல்லவில்லை. அவருக்கெனத் தனிக் கோப்பை வைத்தேன். அவர் தொட்ட கதவுப்பிடியைத் துடைத்தேன். "தம்பி" என்றே அழைத்தேன்.

"தங்கச்சின்னுதான் கூப்பிடுங்களேன் மேடம், காசா பணமா?" என்று சிரித்தார். மீதித் தேநீரைத் தொட்டியில் கொட்டினேன்.

வருவோருக்கு அந்தக் கூச்சம் இல்லை. காது மந்தமான சிறுமி ஒருத்தி, அவர் குரல் கேட்டதும் ஓடிச்சென்று, "அத்தை" என்று கழுத்தைக் கட்டிக்கொள்வாள். அதைப் பார்த்த அன்றுதான் முடிவு செய்தேன். தொழிலில் பிழை நேர்ந்தால், அவரை அனுப்ப வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நாள்தோறும் காலையில் ஹெட்போனைத் தம் காதில் வைத்துச் சரிபார்த்த பிறகே அவர் வேலையைத் தொடங்குவார். அந்தச் சிறுமி பரிசோதனைக்கு வரவிருந்த நாளில், அவர் சரிபார்த்து நகர்ந்ததும், ஒலி மங்கிய பழைய ஹெட்போனை அங்கே மாற்றி வைத்தேன். அதையும் துடைத்துத்தான் வைத்தேன்.

ஹெட்போனில் ஒலி கேட்கும்போதெல்லாம் சிறுமி கிண்ணத்தில் ஒரு பாசிமணியைப் போட வேண்டும். மணிகள் விழவில்லை. செவித்திறன் மேலும் குறைந்துவிட்டதென்று நம்பி, அவர் அவளுடைய காது மெஷினின் ஒலியை மிகவும் கூட்டினார்.

சில நாளில் தாய் வந்தாள். "மாட்டினாலே கதறுறாக்கா."

அவர் முகம் வெளிறியது. "எங்கேயோ இடிக்குது மேடம். திரும்ப டெஸ்ட் பண்ணிடட்டுமா?"

"புதிதில் அழத்தான் செய்யும், பழகிவிடும். கழற்றக் கூடாது" என்றேன். என் அனுபவத்தை மதித்து இருவரும் பணிந்தனர்.

அந்த அதிக ஒலியில் சிறுமிக்கு எஞ்சியிருந்த செவித்திறனும் போனபின் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். "எங்க தப்பு பண்ணேன்னே புரியல மேடம்" என்று என் கையைப் பற்றி அழுதார். அவர் போனதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

விசாரிக்க வந்த நீங்கள், வேலியே பயிரை மேயலாமா என்று கேட்டீர்கள். நான் களையெடுத்தேன், களையெடுக்கையில் பயிர் ஒன்று சாய்வதுண்டு. ஆம், நான்தான் செய்தேன். விளைவை அறிந்தே செய்தேன்.

நிலையத்தில் இப்போது ஒழுங்கு திரும்பியிருக்கிறது. அந்தச் சிறுமியும் முன்போல் யார் குரலுக்கும் ஓடுவதில்லை. உட்காரவைத்த இடத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறாள்.