பெற்றோருக்கும் ரெண்டு நிமிஷம்

...இல்ல, நீங்களே சொல்லுங்கக்கா. இந்த நாடகப் பள்ளித் தேர்வு யாருக்கு? எனக்கா, எங்கப்பாவுக்கா? மூணு வாரமா எங்க வீட்டுக் குளியலறைக் கண்ணாடி எனக்குக் கெடைக்கல! காலைல ஆறு மணிக்குப் போய்க் கதவத் தட்டினா, உள்ளேர்ந்து, "இரு, இரு, ஒரு தடவ முழுசா பண்ணிப் பாத்துட்டு வந்துடறேன்." நாப்பத்தொம்பது வயசு மனுஷன், வாய் நெறைய பேஸ்ட் நுரையோட, புருவத்த ஏத்தி எறக்கிட்டு நிக்கறாரு. நான் சமையலறையில கரண்டியத் திருப்பிப் பிடிச்சு அதுல மூஞ்சியப் பாத்து ஒத்திகை பாத்தேன்க்கா. கரண்டியில மூக்கு மட்டும்தான் தெரியுது. மூக்க மட்டும் வெச்சுக்கிட்டு நான் என்னத்த நடிக்கறது?

உள்ள இப்ப எந்த நம்பர்? பதினொண்ணா? சரி, நான் பதினாலு, நேரம் இருக்கு. நீங்க பாட்டுக்கு உங்க ஆபீஸ் லிஸ்ட்ட பாருங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன். பேசலன்னா அந்தப் பன்னெண்டாம் நம்பர் மாதிரி ஆயிடுவேன். பாருங்களேன், செவுத்தப் பாத்து, "ஏன் என்னைக் கைவிட்டாய்... ஏன் என்னைக் கைவிட்டாய்..." அந்தச் செவுரு பாவம், அது என்ன பண்ணும்? சுண்ணாம்பே உதிருது.

எங்கப்பா யாருன்னு கேக்கறீங்களா? அதோ, கோடியில, லிஃப்ட் கதவுல காத வெச்சுட்டு நிக்கறாரே, கோட்டுக் கை மணிக்கட்டுக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சே... அவரேதான். கோட்டு இரவல். கீழ்வீட்டுக்காரரோடது, அவரு ஆளு குட்டை. ஆனா அப்பாகிட்ட சொல்லிப் பாருங்க. "கை நீட்டி நடிக்கறதுக்கு இதான் வசதி"ம்பாரு.

லிஃப்ட் மெக்கானிக்குக்கா. எங்க போனாலும் அந்த எடத்து லிஃப்ட் என்ன பேசுதுன்னு கேட்டாத்தான் அவருக்கு மூச்சு வரும். இப்ப பாருங்க, நேரா உங்ககிட்ட வந்து, "மேடம், உங்க லிஃப்டுக்கு மூணாவது மாடி வந்தா மூச்சு வாங்குது. யாரு பாக்கறா இத?" சொல்லுவாரு, எழுதி வெச்சுக்கோங்க. கீழ நின்னுக்கிட்டே, ஒம்பதாவது மாடியில எந்தச் சக்கரம் தேஞ்சிருக்குன்னு சொல்லிடுவாரு. வீட்டுக்கு வந்தா டூல் பைய கீழ வெச்சதும் ஃபிரிட்ஜ் மேல காது. "சத்தம் சரியில்லையே..." பொண்ணு சாப்பிட்டாளா, தூங்கினாளா, ஒரு வார்த்தை கெடையாது. ஃபிரிட்ஜுக்கு உடம்பு எப்படி இருக்குன்னு மட்டும் தெரிஞ்சாகணும். அப்பேர்ப்பட்ட காதுக்கா அது! அந்தக் காதுக்குப் போய்... சரி விடுங்க, அது அப்புறம்.

எங்கம்மா இன்னும் மோசம். டிரைவிங் ஸ்கூல்ல ஓட்டச் சொல்லிக் குடுக்கறாங்க. எனக்கு நடிப்பு சொல்லித் தர ஆள் இல்லன்னு அவங்களே உக்காந்துட்டாங்க. என் இடது பக்கம், நாற்காலி போட்டு, காலத் தரையில அழுத்திக்கிட்டு. அந்தக் காலுக்கு அடியில எப்பவும் ஒரு பிரேக் இருக்கறதா நெனப்பு. "திரும்பறதுக்கு முன்னாடி பாத்தியா? பாக்கலையே! அழறதுன்னா மொதல்ல சிக்னல் குடுக்கணும். பின்னாடி வர்றவனுக்கு எப்படித் தெரியும், நீ அழப்போறேன்னு?" மேடையில பின்னாடி யாரும்மா வர்றாங்கன்னு கேட்டா, "வருவாங்க. எப்பவும் எவனாவது வருவான்." கையில டைமர் வேற. "ஒரு நிமிஷம் நாப்பது. இன்னும் இருபது செகண்ட் குறையுது. முடிவப் பாரு, ஏத்தத்துல வண்டி ஆஃப் ஆன மாதிரி நிக்குது."

அது மட்டும் உண்மைதான்க்கா. எனக்கு முடிவே கெடைக்கல. உங்க விண்ணப்பத்துல போட்டிருந்துச்சே, 'உங்கள் வீட்டில் உள்ள ஒருவரை இரண்டு நிமிடம் நடித்துக் காட்டவும்'னு... அதுல எனக்கு ஒரு நிமிஷம் நாப்பது செகண்ட்தான் இருக்கு. இன்னிக்குக் காலைல பாத்தப்பவும் அவ்ளோதான்.

ஆனா எங்கப்பாவுக்கு ரெண்டு நிமிஷமும் ரெடி! கண்ணாடி போதலன்னு லிஃப்டுக்குள்ள ஒத்திகை. வேலை செய்யற எடத்துல, ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்ட நிறுத்திட்டு நடிக்கறாரு. ஏழாவது மாடி டாக்டரம்மா எங்க வீட்டுக்கே போன் பண்ணிட்டாங்க. "உங்க வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் பண்றாரா, இல்ல வேற ஏதாவதா? உள்ளேர்ந்து ஒரு பொம்பள குரல் கேக்குது. கதவு தெறந்தா இவரு மட்டும் ஸ்பானரோட நிக்கறாரு!" எங்கம்மா மூஞ்சியப் பாக்கணுமே நீங்க. அப்பதான் எனக்குப் புரிஞ்சுது, அம்மாவத்தான் நடிக்கறாருன்னு. ஒரு மண்ணும் என்கிட்ட காட்டல. "தேர்வு அன்னிக்குப் பாத்துக்கோ." ஏதோ தேர்வு அவருக்கு, நான் அவரக் கூட்டிட்டு வந்த மாதிரி!

என்னக்கா, லிஸ்ட்ட அப்படித் திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க... 

ஆமா. பெற்றோர் நடிக்கணும்னு அதுல எங்கயும் இருக்காது. எனக்குத் தெரியும். சத்தம் போடாதீங்க, சொல்லிடறேன். அந்த விதிய... நான்தான் போட்டேன்.

வேற வழியில்லக்கா! மொதல்ல எங்கப்பா, "நாடகப் பள்ளியெல்லாம் வேணாம்"னு ஒரே பிடி. அப்புறம் அம்மா என்ன சொன்னாங்களோ, ஒரு நாள் ஃபிரிட்ஜப் பாத்துக்கிட்டே, "சரி, எழுதட்டும்"னாரு. நான் குதிச்சேன். குதிச்சு முடிக்கறதுக்குள்ள விண்ணப்பத்தோட பின்பக்கத்தப் படிச்சுட்டாரு. 'பெற்றோர் ஒருவர் உள்ளே அமர்ந்து பார்க்கலாம்.' "நானும் வர்றேன், உள்ள உக்காந்து பாக்கறேன்." எப்படிக்கா? நான் நடிக்கப்போற ஆளே அவருதான்! அந்த ஃபிரிட்ஜ், அந்தக் காது, அந்தச் "சத்தம் சரியில்லையே", மனுஷங்கள விட்டுட்டு மெஷினுங்ககிட்ட மட்டும் நலம் விசாரிக்கறது... ஒரு நிமிஷம் நாப்பது செகண்டும் அவரத்தான் கிண்டல் பண்றேன். அவரு எதுக்க உக்காந்திருந்தா எனக்கு வாய் வருமா? வந்தாலும், அவரு மூஞ்சி எப்படிப் போகும்?

அதனால தோழி போன வாங்கிட்டு, எங்க மாடிப்படியில உக்காந்து, அப்பாவுக்குப் போட்டேன். "வணக்கம். நாடகப் பள்ளி அலுவலகம். நல்லா கேட்டுக்கோங்க, ரெண்டு தடவ சொல்ல மாட்டேன். உள்ள வர்ற பெற்றோரும் ரெண்டு நிமிஷம் நடிச்சுக் காட்டணும். புது விதி."

ம்... அது... உங்க குரல்தான்க்கா. விண்ணப்பம் கேட்டு நான் பேசினப்ப நீங்கதானே எடுத்தீங்க? 'ரெண்டு தடவ சொல்ல மாட்டேன்', அப்புறம் அந்த 'லைன்ல இருங்க'... அவ்ளோ நல்லா இருந்துச்சு, விட மனசு வரல. கோவிச்சுக்காதீங்க. மொறைக்காதீங்களேன். எங்க ஹெட்மிஸ்ட்ரஸ், எங்க பஸ் கண்டக்டர், எல்லாரையும் பண்ணியிருக்கேன். நீங்கதான் அதுல பெஸ்ட்.

நான் என்ன நெனச்சேன்னா, மனுஷன் பயந்துடுவாரு. அவரோட கல்யாணத்துலயே கையில மைக்கக் குடுத்து ரெண்டு வார்த்தை பேசச் சொன்னாங்களாம். வாங்கி, திருப்பிப் பாத்து, "இதுல வயர் லூஸா இருக்கு"ன்னு சொல்லிக் குடுத்துட்டாராம். அவ்ளோதான் அவர் சொற்பொழிவு. அப்படிப்பட்டவர் நடிக்கணும்னா வருவாரா? வீட்லயே இருந்துடுவாருன்னு பாத்தா, "சரிங்க மேடம். யார நடிக்கணும்?"னு கேக்கறாரு! "உங்க வீட்ல இருக்கற ஒருத்தர"ன்னு ஒளறிட்டேன். அதோட போன வெச்சிருக்கலாம். அவருதான் வெக்கல.

"மேடம், ஒரு விஷயம். என் பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க"ன்னாரு. "நான் வேணாம்னு சொன்னது அவளுக்குத் திறமை இல்லன்னு இல்ல. அவ ஹாஸ்டலுக்குப் போயிட்டா... வீட்ல சத்தமே இருக்காது மேடம்."

பாத்தீங்களா அநியாயத்த? பதினேழு வருஷமா ஒரே வீட்ல இருக்கேன், என்கிட்ட ஒரு தடவ சொன்னாரா? மொகம் தெரியாத ஆபீஸ் மேடம்கிட்ட சொல்றாரு! "லைன்ல இருங்க"ன்னுட்டு போனப் படியில வெச்சுட்டேன். மூணு நிமிஷம். அவரு லைன்லயே இருந்தாரு, பாவம். நான் ஒண்ணும் அழல. அன்னிக்கு எனக்குச் சளி.

அதான்க்கா நான் சொல்ல வந்தது. ஒம்பது மாடிக்கு மேல சக்கரம் தேயறது கேக்குது, பெத்த பொண்ணு குரல் போன்ல தெரியல! என்ன காது அது?

ஒரே ஒரு உதவி பண்ணுங்க. அவர்கிட்ட போய், உங்க நெஜக் குரல்ல, "பெற்றோர் பகுதி ரத்து, நீங்க வெளியவே இருங்க"ன்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னா கேட்டுப்பாரு. ஏற்கெனவே உங்ககிட்ட பேசியிருக்கோம்னு நெனச்சிட்டிருக்காரு. என்னது, பன்னெண்டு முடிஞ்சுதா? பதிமூணு வரவே இல்லையா? அப்ப அடுத்தது நானா! சீக்கிரம்க்கா, சீக்கிரம்... எழுந்துட்டீங்களா, தெய்வம்க்கா நீங்க!

...ம், சொல்றாங்க. தலையாட்டறாரு. லிஃப்டக் காட்டறாரு, நான் சொன்னேன்ல... இப்ப குனிஞ்சு என்னவோ மெதுவா சொல்றாரு. என்ன சொல்றாரு? அட, அக்கா சிரிக்கறாங்க! காலைலேர்ந்து பல்லே தெரியல, இப்ப வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறாங்க. ஏன் ரெண்டு பேரும் இந்தப் பக்கம்... அக்கா, நான் வெளியன்னு சொன்னேன்! அப்பா, ரத்துன்னு சொல்லல? அப்பா! அது உள்ள போற கதவு...

போயிட்டாங்க. ரெண்டு பேரும்.

பரவாயில்ல. பரவாயில்ல. அம்மாவத்தானே பண்ணப்போறாரு. ஒரு பிரேக் அடிப்பாரு, ஒரு சிக்னல் போடுவாரு, முடிஞ்சுது. கதவு சரியா மூடல, கேக்குது. தொண்டையச் செருமறாரு...

"வணக்கம். நாடகப் பள்ளி அலுவலகம். நல்லா கேட்டுக்கோங்க, ரெண்டு தடவ சொல்ல மாட்டேன்."

இது அம்மா இல்லையே.

அக்காவும் இல்ல. அக்கா 'ரெண்டு'ன்னு அப்படி இழுக்க மாட்டாங்க. இழுக்கறது நான். இது... அக்கா மாதிரி பேசற நான். உள்ள எல்லாரும் சிரிக்கறாங்க. சிரிக்காதீங்க, கேக்க முடியல! "உங்க வீட்ல இருக்கற ஒருத்தர"... அப்படியே ஒளர்றாரு... "லைன்ல இருங்க."

சத்தமே இல்ல. ஏன் சத்தமே இல்ல?

மூக்க உறிஞ்சறாரு. மெதுவா, யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு உறிஞ்சற மாதிரி உறிஞ்சறாரு. அதோ, இன்னொரு தடவ. இப்ப உள்ள யாரும் சிரிக்கல. எனக்கு அன்னிக்குச் சளிதான்... சளிதான்ப்பா...

அப்ப, 'என் பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க'ன்னு நீ சொன்னது, நான்னு தெரிஞ்சேதானா...

ஆ, அக்கா! கூப்பிட்டீங்களா? பதினாலு, நான்தான். எங்கப்பா ஏன் வெளிய வரல? நாற்காலி போட்டுட்டீங்களா? மொத வரிசையிலயா? உங்ககிட்ட என்ன உதவி கேட்டேன், நீங்க என்ன பண்ணி வெச்சிருக்கீங்க! இல்ல, இல்ல, வர்றேன். ரெண்டு நிமிஷமும் இருக்கு இப்ப, முழுசா இருக்கு. மூக்க மட்டும் தொடச்சுட்டு வந்துடறேன்.

லைன்ல இருங்க.