நான் எடுத்துவிட்ட ஒரு வரி

எனக்குச் சமையல் அவ்வளவாக வராது. மரச்சீனிக் கிழங்கு அவித்தால் ஒன்று வேகாமல் நிற்கும், இல்லை குழைந்துவிடும். அதைக் குறை சொல்லாமல் தின்ற ஒரே மனிதர் என் கணவர் சிஜோ. அவரைப் பற்றி எழுதத்தானே கேட்கிறீர்கள் ஐயா, முதலிலிருந்தே சொல்கிறேன்.

என் பெயர் பெபிஷா. வடசேரியில் ஒரு சின்னக் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறேன். 2013இல் எங்கள் ஊர் மீனவர் சங்கத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு ஒன்றைச் செய்து கொடுத்தேன். வானிலைத் தகவல் தரும் இணையச் சேவையிடம் என் புரோகிராம் மணிக்கொரு முறை கேட்கும். ஒவ்வொரு கேள்வியோடும் சங்கத்தின் பெயரையும் பாஸ்வேர்டையும் இணைத்து அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால், கேட்பது யாரென்று தெரியாமல் சேவை மறுத்துவிடும். புயல் என்று பதில் வந்தாலும், அப்படி மறுத்தாலும் சங்கக் கட்டடத்தின் சைரன் ஒலிக்கும்படி வைத்தேன். தகவல் கிடைக்காத நாளில் கடலுக்குப் போகாமல் இருப்பதுதானே நல்லது. சங்கச் செயலாளர் ஞானதாசன் அதற்காக என்னை எல்லோர் முன்னாலும் பாராட்டினார்.

சிஜோ தங்குகடலுக்குப் போகிறவர். போனால் பன்னிரண்டு நாள் ஆகும். கல்யாணமாகி எட்டு மாதத்தில் நாங்கள் சேர்ந்திருந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முதல் தடவை நடந்தது என் மறதியால்தான். பாஸ்வேர்டு காலாவதியானதை நான் கவனிக்கவில்லை. சைரன் ஒலித்தது, போட்டுகள் கடலுக்குப் போகாமல் நின்றன. சிஜோ இரண்டு நாள் வீட்டில் இருந்தார். துணி காயப் போட்டார், என் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

அதற்குப் பிறகு மூன்று தடவை நானே செய்தேன். பாஸ்வேர்டை இணைக்கும் ஒரு வரியை எடுத்துவிட்டால் போதும். கடல் அசையாமல் கிடந்தது, அவர் என் பக்கத்தில் இருந்தார். யாருக்கும் தீங்கில்லை. ஞானதாசனைத்தான் கண்டபடி ஏசினார்கள், மெஷினைப் பார்க்கத் தெரியாதவர் என்று. அவர் பதவியை விட்டே விலகினார். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

நவம்பரில் ஒரு நாள் காலை மறுபடியும் சைரன் ஒலித்தது. ஆபீஸில் இருந்தபடியே திறந்து பார்த்தேன். அந்த வரி அதன் இடத்தில் இருந்தது. பாஸ்வேர்டும் சரி. சேவை மறுக்காமல் முழுப் பதிலையும் அனுப்பியிருந்தது. தெற்கே புயல், யாரும் கடலுக்குப் போகக் கூடாது. உடனே சிஜோவுக்குப் போன் செய்தேன்.

"ஏங்க, எறங்கி வந்துருங்க. இன்னைக்கு உள்ளது நெசம்."

"ஒனக்க சைரன் எப்பம் மக்கா நெசம் சொல்லிச்சு?" என்று சிரித்தார். "சகாயமும் மத்தவனுவளும் போட்டுல ஏறியாச்சு. முந்தி நாலு மட்டம் ஊளையிட்டுதே, அது என்னத்துக்குன்னு சொல்லு, நான் எறங்குதேன்."

காரணம் எனக்குத் தெரியும். நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இறங்கியிருப்பார். மற்ற ஆறு பேரையும் இறக்கியிருப்பார். ஆனால் அதற்குப் பிறகு என் முகத்தில் விழித்திருக்க மாட்டார். பொய் சொல்கிறவர்களை அவருக்கு ஆகாது.

"மெசின் கோளாறா இருக்கும்," என்றேன்.

"அப்பம் இன்னைக்கும் அதுதான்," என்றார். "பெயிட்டு வாறேன் மக்கா."

அன்று போன மற்ற போட்டுகள் எப்படியோ கரை சேர்ந்தன. சிஜோவின் போட்டில் போன ஏழு பேரும் திரும்பவில்லை. சகாயத்தின் மனைவி கிரேசி தினமும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுக்கிறேன். நானும் சேர்ந்து அழுகிறேன், அது நடிப்பில்லை. அவர் இல்லாத வீட்டில் எனக்கு மூச்சு விடவே முடியவில்லை ஐயா.

ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். சிஜோ கடைசிவரை என்னைச் சந்தேகப்படவில்லை. தன் மனைவி பொய் சொல்லாதவள் என்று நம்பிக்கொண்டே போனார். அந்த நிம்மதியையாவது நான் அவருக்குக் கொடுத்தேன்.