இடி இடித்த நேரத்து ரவுட்டர்

கணினி வேலை பார்ப்பவர்கள் குளிர்ந்த அறையை விட்டு வெளியே வருவதில்லை என்றுதான் எங்கள் வீட்டில் அப்போது நம்பினோம். புதூர்நாட்டு மலைக்கு ஏறும் ஷேர் ஜீப்பில், என் எதிரே மடிக்கணினிப் பையை அணைத்தபடி ஓர் இளைஞர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்:

“மலைமேல ஆபீஸ்ல நெட்டு குடுக்கற ரவுட்டர்ல இடம் பத்தலன்னு காலையில கமாண்ட் போட்டுப் பழைய ஃபைலை அழிச்சேன்டா. செட்டிங் ஃபைலும் சேந்து போய்டுச்சி. இப்பதான் தெரியுது.”

“காப்பி எடுத்து வெக்கலியா?”

“வெச்சேன். அதே ரவுட்டர்ல. அதுவும் போச்சு.”

“சாவியப் பொட்டிக்குள்ள வெச்சிப் பொட்டியப் பூட்டுனவன்டா நீ! ஆனா நெட்டு ஓடுதே?”

“அதோட ஞாபகத்துல ஓடுது. நான் போய் சேவ் பண்றவரிக்கும் யாரும் ஆஃப் பண்ணக் கூடாது. பண்ணா எல்லாம் மறந்துடும். என் வேலையும் போய்டும்.”

அந்நேரம் இடி இடித்தது. எங்கள் மலையில் இடி கேட்டால் முதலில் பிளக்கைப் பிடுங்குவார்கள். அவர் பதறி, அலுவலகத்து அக்காவை ஸ்பீக்கரில் அழைத்தார்.

“அக்கா, பிளக்கை இன்னா பண்ணீங்க?”

“எல்லாத்தியும் புடுங்கிட்டு, பூட்டிக்கினு வூட்டுக்கு வந்துட்டேன்பா.”

“அந்த ரவுட்டரு?”

“பரண்மேல ஏத்தி வெச்சது நீதானே? கை எட்டல. எரிஞ்சா எரியட்டும்னு வுட்டுட்டேன்.”

ஜீப்பே சிரித்தது. அவர் மட்டும் பையை இன்னும் இறுக்கிக்கொண்டார். பூட்டிய அலுவலகத்தில், நினைவு தப்பாமல் அந்த ரவுட்டர் ஒன்றுதான் இருந்தது.